முத்திருளன் சம்பளப் பாக்கி

ஒரு காட்டில் போர் ஒன்று நடந்து முடிந்திருந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஆற்றின் நடுவே இருந்த ஒரு உப்புத்திட்டுக்காக வந்த போர் அது. இந்தக் கரையில் புலி ராஜா. அந்தக் கரையில் கழுதைப்புலி ராஜா. திட்டு தனக்குத்தான் சொந்தம் என்று இருவரும் சொன்னார்கள். உண்மையில் இருவருமே உப்பு நக்குகிற பிராணிகள் இல்லை. நக்குகிறவை மான்களும் யானைகளும். அவற்றிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இரண்டு கோடை முழுக்க அடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆளாக ஒரு வெள்ளம் வந்து திட்டையே கரைத்துக்கொண்டு போனது. உடனே இரண்டு ராஜாக்களும் தங்கள் தங்கள் கரையில் வெற்றி விழா கொண்டாடினார்கள்.

விழா முடிந்ததும் படைவீரர்கள் சம்பளம் கேட்டார்கள். கதை அங்கேதான் ஆரம்பம்.

அந்தக் காட்டில் பலாக்கொட்டைதான் காசு. தின்கிறவன் தின்னலாம், தின்னாதவன் கொடுத்து வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம். போர் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு பலாக்கொட்டை வசூலித்தார்கள். "எல்லாம் நம்ம படைவீரர்களுக்குத்தான்" என்று மயில் ஊர் ஊராகப் போய்க் கூவியது. குரங்கு தன் குட்டியின் கையில் இருந்ததைப் பிடுங்கிக் கொடுத்தது. அணில் மழைக்காலத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தது. கீரி அங்காயி, பாம்பு பிடித்துச் சேர்த்த கொட்டைகளை எல்லாம் கொடுத்தாள். அதோடு புருஷன் முத்திருளனையும் கொடுத்தாள். அவன் படையில் சேர்ந்து உப்புத்திட்டில் ஒரு கழுதைப்புலியின் காலுக்கு அடியில் செத்துப்போனான்.

வசூலான கொட்டையை எல்லாம் வைத்திருந்து வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு ஒருவர் இருந்தார். பட்டுவாடா அதிகாரி என்று பெயர். அவர் ஒரு எறும்புதின்னி. செதிலப்பர் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவரை நியமித்தபோது ராஜா சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. "இவருக்கு வாயில் ஒரு பல் கூடக் கிடையாது. பலாக்கொட்டையை இவரால் கடிக்கவே முடியாது. இவரைவிட நம்பிக்கையானவர் யார்?"

செதிலப்பரிடம் இன்னொரு திறமையும் இருந்தது. யாராவது கணக்குக் கேட்டால் உடனே சுருண்டு பந்தாகிவிடுவார். வெளியே செதில் மட்டும்தான் தெரியும். கேட்டவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சம்பளம் கொடுக்கும் அலுவலகம் அத்திமரத்தடியில் இருந்தது. அங்கே அணில் ஒன்று குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தது. வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. அங்காயி தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒச்சப்பன் என்ற காட்டுப்பன்றி நின்றான். முத்திருளனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். ஒரு கொம்புப் பல்லைப் போரில் தொலைத்துவிட்டு வந்திருந்தான்.

"பெயர்?" என்றது அணில்.

"ஒச்சப்பன். காலாட்படை."

"உயிரோட திரும்பி வந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"அதுதான் சிக்கல். முழு மூச்சாச் சண்டை போட்டவங்க எல்லாம் செத்துட்டாங்க. நீங்க சாகலைன்னா ஒழுங்காச் சண்டை போட்டீங்களான்னு விசாரிக்கணும். விசாரிச்சு முடிச்சதும் சொல்லி அனுப்புறோம். அடுத்து!"

அங்காயி முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரர் முத்திருளன். முழு மூச்சாச் சண்டை போட்டு செத்துட்டாருங்க."

அணில் வருத்தமாகத் தலையை ஆட்டியது. "நல்ல வீரர். ஆனா சம்பளத்தை வீரர் நேர்ல வந்துதான் வாங்கணும்."

"செத்தவர் எப்படிங்க வருவார்?"

"அதை நீங்கதான் யோசிக்கணும். அடுத்து!"

அன்று சாயங்காலம் வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. யார் கையிலும் ஒரு கொட்டை ஏறவில்லை. இருந்தவர்கள் இருந்ததால் வாங்க முடியவில்லை. இறந்தவர்கள் இறந்ததால் வாங்க முடியவில்லை. திரும்பும் வழியில் அங்காயி ஒச்சப்பனிடம் சொன்னாள்: "அண்ணே, கொட்டை இருக்குற எடத்துல இப்படிப் பேச மாட்டாங்க. அங்க கொட்டையே இல்லண்ணே."

"எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா நீ அவசரப்படாத தங்கச்சி. பெரிய எடத்து விவகாரம்."

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. வளைக்குள் தண்ணீர் புகுந்தது. பாம்புகளும் அகப்படவில்லை. குட்டிகள் பசியில் ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. அப்படி ஒருநாள் ஒரு சாரைப்பாம்பைத் துரத்திக்கொண்டு அங்காயி செதிலப்பர் வீட்டுக்குப் பின்புறம் இருந்த மேட்டுக்கு ஓடினாள். ஓடியவள் அப்படியே நின்றுவிட்டாள். பாம்பு தப்பித்துப் போனது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மேடு முழுக்கப் பலாக்கன்று. மழைக்கு முளைத்து, கொத்துக் கொத்தாக, இடம் போதாமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் பலாமரம் ஒன்றுகூடக் கிடையாது.

அங்காயி போட்ட சத்தத்தில் காடே கூடிவிட்டது. குரங்கு ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தது. வேரில் பாதிக் கொட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "என் குட்டி கையில இருந்து பிடுங்கினது இதுவாகூட இருக்கும்" என்று குரங்கு அழுதது. செதிலப்பர் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்ததும் பந்தானார்.

விஷயம் ராஜாவிடம் போனது. ராஜாவுக்கு மந்திரியாக ஒரு மரநாய் இருந்தது. எப்போதும் மணமாக இருக்கும், எதையும் நிதானமாகச் சொல்லும். "விசாரணைக் கமிஷன் போட்டுவிடலாம் ராஜா. கோபம் ஆறும் வரைக்கும் நடக்கும்" என்றது. ராஜா தேவாங்கை நீதிபதியாகப் போட்டார். தேவாங்குக்குப் பெரிய பெரிய கண்கள். பார்த்தால் எதையும் தவறவிடாதவர் போலத் தெரியும். ஆனால் அவர் பகலில் தூங்குகிற பிராணி. விசாரணையைப் பகலில் வைத்தார்கள்.

முதல் அமர்வுக்குச் செதிலப்பரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "சாட்சி சுருண்டிருக்கிறார்" என்று சேவகர் கத்தினார். நீதிபதி தூக்கத்திலேயே தள்ளிவைத்தார். அடுத்த அமர்விலும் சுருண்டிருந்தார். அதற்கடுத்த அமர்வில் நீதிபதி மரத்தில் இருந்து விழுந்துவிட்டதால் அமர்வே இல்லை. அங்காயி ஒரு அமர்வையும் விடவில்லை. குட்டிகளை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். ஒச்சப்பன் பின்வரிசையில் உட்காருவான்.

ஒருநாள் மேகம் கவிந்து காடே இருட்டிக்கிடந்தது. பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் தேவாங்கு கண் விழித்துக்கொண்டார். விழித்ததும் அவர் நல்ல நீதிபதிதான்.

"செதிலப்பரே, உம்ம பேர்ல என்ன குற்றச்சாட்டு தெரியுமா?"

செதிலப்பர் மெதுவாக விரிந்து மூக்கை நீட்டினார். "தெரியும் அய்யா. ஆனா பாருங்க, எனக்குப் பல்லே இல்ல." வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். "பல்லு இல்லாதவன் கொட்டையைத் தின்னான்னு சொன்னா தர்மம் தாங்குமா?"

கூட்டத்தில் பாதிப் பேர் அதுவும் சரிதானே என்று பார்த்தார்கள்.

"தின்னீர்னு யாரும் சொல்லலையே," என்றார் தேவாங்கு. "புதைச்சீரான்னுதான் கேக்குறேன். உம்ம வீட்டுக்குப் பின்னாடி எப்படிப் பலா முளைச்சுது?"

"மரம் வளர்ப்புத் திட்டம் அய்யா."

"யார் போட்ட திட்டம்?"

செதிலப்பர் சுருண்டுகொண்டார்.

"நாளைக்குக் காலையில மேட்டைத் தோண்டுங்க. அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டுத் தீர்ப்புச் சொல்றேன்," என்றார் தேவாங்கு. கூட்டம் ஆரவாரம் செய்தது. அங்காயி குட்டிகளைக் கட்டிக்கொண்டாள். போர் தொடங்கிய நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் தோண்டுவதற்குப் பன்றிகள் தயாராக நின்றன. அப்போது முரசு கேட்டது.

"எதிரி ஆற்றங்கரையில் கூடிவிட்டான்! போர்! போர்!" என்று மயில் கூவிக்கொண்டே ஓடியது. பின்னாலேயே மரநாய் மந்திரி வந்தது. "இனி விசாரணை எல்லாம் போருக்குப் பிறகுதான். போர் நேரத்தில் பட்டுவாடா அதிகாரியைக் கேள்வி கேட்பது ராஜத்துரோகம். செதிலப்பரே, பழையபடி பதவியை எடுத்துக்கொள்ளும். வீரர்களே, கிளம்புங்கள்!"

"எதுக்குங்க போர்?" என்றாள் அங்காயி. "உப்புத்திட்டுதான் கரைஞ்சு போச்சே?"

"திட்டு இருந்த இடம் இருக்கிறதே அம்மா!"

வீரர்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அக்கரையில் கழுதைப்புலிகள் அணிவகுத்து நின்றன. புலி ராஜா உறுமினார். முன்வரிசையில் நின்ற ஒச்சப்பன் திரும்பிச் செதிலப்பரைப் பார்த்தான்.

"அய்யா, பழைய பாக்கி?"

"ஜெயிச்சதும் தர்றோம்ப்பா."

"போன தடவையும் ஜெயிச்சோமே. விழாகூட நடந்துச்சே."

செதிலப்பர் சுருண்டார். ஒச்சப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற கரடி உட்கார்ந்தது. செந்நாய்கள் உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் படை முழுக்க உட்கார்ந்துவிட்டது. ராஜா எவ்வளவு உறுமியும் ஒருவரும் எழவில்லை. இப்போது எதிரி பாய்ந்து வந்து எல்லாரையும் கிழிக்கப் போகிறான் என்று மந்திரி கண்ணை மூடிக்கொண்டது.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அக்கரையில் கழுதைப்புலிகளும் உட்கார்ந்திருந்தன. அங்கேயும் பட்டுவாடா அதிகாரி ஒருவர் இருந்தாராம். இரண்டு ராஜாக்களும் ஒருவரை ஒருவர் வெகுநேரம் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு பசி எடுத்து வீட்டுக்குப் போனார்கள். அத்தோடு போர் நின்றது.

காட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உட்கார்ந்தவர்களுக்குத்தான் பாராட்டு கிடைக்கும் என்று அங்காயி நினைத்தாள். சபை கூடியதும் மந்திரி எழுந்து பேசியது.

"குடிமக்களே! போர் ஏன் நின்றது? வீரர்கள் உட்கார்ந்ததால். ஏன் உட்கார்ந்தார்கள்? சம்பளம் இல்லாததால். சம்பளம் ஏன் இல்லை? கருவூலம் காலியாக இருந்ததால். அதைக் காலியாக்கியவர் யார்?" மந்திரி நிறுத்திவிட்டுக் கையை நீட்டியது. "இதோ, நம் செதிலப்பர்! பிற்காலத்தில் ஒரு போர் வரும் என்று முன்கூட்டியே அறிந்து, அதைத் தடுப்பதற்காக, பழியைச் சுமந்தபடி ஒவ்வொரு கொட்டையாக அப்புறப்படுத்திய மகான்!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். போரில் சாகாமல் திரும்பிய அண்ணன் தம்பிகளை அணைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது ஓரளவு சரியாகத்தான் பட்டது.

செதிலப்பருக்கு 'சமாதானச் செம்மல்' என்ற பட்டமும், ஆமை ஓட்டில் செய்த பெரிய பதக்கமும் கொடுத்தார்கள். பதக்கத்தை வயிற்றில் கட்டிவிட்டார்கள்.

அங்காயி எழுந்தாள். "எல்லாம் சரிங்க. என் வீட்டுக்காரர் சம்பளம்?"

மந்திரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. "இந்தாம்மா, உனக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் கொடுத்தால் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். எழுந்து நின்றால் போர் வரும். மறுபடியும் சாவு விழ வேண்டும் என்றா கேட்கிறாய்?"

"உட்காரும்மா! நல்லா இருக்குறது பிடிக்கலையா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. குரங்கின் குரல்.

அங்காயி உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கருவூலம் காலியா இருந்தா போர் நடக்காதுன்னு சொல்றீங்க. அப்போ என் வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு அதுல கொட்டை இருந்துச்சா?"

செதிலப்பர் எழுந்து அவள் முன்னால் வந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"இருந்துச்சும்மா. அப்போ நான் பாதிதான் எடுத்திருந்தேன். கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்து முழுசையும் எடுத்திருந்தா உன் வீட்டுக்காரர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார். அந்தக் குற்ற உணர்ச்சி என்னை இன்னும் வாட்டுதும்மா. மன்னிச்சிடு."

என்ன பெரிய மனசு என்று சபையே அழுதது.

அங்காயிக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு எதிரே, எட்டும் தூரத்தில், நீளமான ஈரமான மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பாய்ந்தாள். பாம்பின் கழுத்தைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்தாள். செதிலப்பர் சுருளப் பார்த்தார். வயிற்றில் பதக்கம் குறுக்கே நின்றது. மடங்க முடியவில்லை. அவர் போட்ட அலறல் அக்கரை வரைக்கும் கேட்டது. நான்கு செந்நாய்கள் சேர்ந்து அவளை இழுத்துப் பிரித்தபோது மூக்கின் நுனி அவள் வாயோடு வந்துவிட்டது.

அங்கேயே, அப்போதே வழக்கு எடுத்தார்கள். மூக்கு விவகாரத்துக்குக் கமிஷன் எதுவும் தேவைப்படவில்லை. சத்தத்தில் தேவாங்கும் விழித்திருந்தார். "சமாதானச் செம்மலின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. கடுமையான அபராதம் போட வேண்டும்," என்றது மந்திரி. "ஒரு காலாட்படை வீரனின் இரண்டு கோடைச் சம்பளம். அதற்குக் குறையக் கூடாது." கீரி வீட்டில் அவ்வளவு இருக்காது, அவளைச் சிறையில் தள்ளிவிடலாம் என்பது அதன் எண்ணம்.

"அபராதம் கட்டுகிறாயா அம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"கட்டுறேங்க," என்றாள் அங்காயி. "என் வீட்டுக்காரரோட ரெண்டு கோடைச் சம்பளம் உங்ககிட்டதான் கிடக்கு. அதுல பிடிச்சுக்கோங்க."

தேவாங்கு யோசித்தார். மறுக்க வழியில்லை. மந்திரிக்கும் அது பிடித்திருந்தது. ஒரு கொட்டைகூடக் கொடுக்காமல் ஒரு பாக்கி தீர்கிறதே. "முத்திருளன் சம்பளப் பாக்கி, மனைவியின் அபராதத்தில் நேர் செய்யப்பட்டது" என்று தீர்ப்பாயிற்று.

சபை கலைய இருந்தது. அப்போது பின்வரிசையில் இருந்து ஒச்சப்பன் மெல்ல எழுந்தான்.

"அய்யா, ஒரு சந்தேகம். ஒரு கடிக்கு ரெண்டு கோடைச் சம்பளம். அது எல்லாருக்கும் ஒரே ரேட்டுதானே?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

"எனக்கும் ரெண்டு கோடைப் பாக்கி நிக்குது. நானும் நேர் பண்ணிக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே அவன் செதிலப்பரை நோக்கி நடந்தான். அவனுக்குப் பின்னால் கரடி வந்து நின்றது. கரடிக்குப் பின்னால் செந்நாய்கள். அத்திமரத்தடியில் நின்ற அதே வரிசை, இப்போது சபைக்குள் நின்றது. யாரும் யாரையும் தள்ளவில்லை. ரொம்ப ஒழுங்கான வரிசை.

செதிலப்பர் ஒச்சப்பனின் மிச்சம் இருந்த ஒரு கொம்புப் பல்லைப் பார்த்தார். சுருளப் பார்த்தார். பதக்கத்தின் முடிச்சு அவிழவில்லை.

"வேணாம்! வேணாம்! கொட்டையாவே தர்றேன்!" என்று அலறினார். "மேட்டுக்கு அடியில குழி இருக்கு! முளைச்சது மேலாகக் கிடந்தது மட்டும்தான்! அடியில எல்லாம் பத்திரமா இருக்கு!"

அன்றைக்கே குழியைத் தோண்டினார்கள். மழைத் தண்ணீர் எட்டாத ஆழத்தில் காய்ந்த கொட்டைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. குமாஸ்தா அணில் அங்கேயே உட்கார்ந்து பட்டுவாடா செய்தது. செத்தவர்களின் வீட்டாருக்கும் கொடுத்தது. நேரில் வர வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாங்கி முடித்ததும் மந்திரி ஓடி வந்து, "சம்பளம் வாங்கிவிட்டீர்கள் அல்லவா, கிளம்புங்கள் ஆற்றங்கரைக்கு!" என்றது. ஒச்சப்பன் வாய் நிறையக் கொட்டையோடு, "இது பழைய போருக்குங்க. புதுப் போருக்குத் தனியா வைங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

கடைசியாக அங்காயி குட்டிகளோடு குழிக்கு வந்தாள்.

அணில் அவளை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டது. "உங்க கணக்குதான் நேர் ஆயிடுச்சேம்மா. தீர்ப்பு இருக்கே."

அங்காயி குழியைப் பார்த்தாள். நிறைய மிச்சம் இருந்தது. குட்டிகளைப் பார்த்தாள். பிறகு ஒச்சப்பனைப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல தங்கச்சி, அவசரப்படாதன்னு," என்றான் ஒச்சப்பன். சொல்லிவிட்டு, மெல்லுவதை நிறுத்தி, தன் குவியலில் இருந்து ஒரு பிடியை அவள் பக்கம் தள்ளினான். சின்னப் பிடிதான்.

அங்காயி அதைக் குட்டிகள் கையில் கொடுத்தாள்.

"பரவாயில்லண்ணே," என்றாள். "உங்க எல்லாருக்கும் கொட்டை கிடைச்சுது. மூக்கு யாருக்குக் கிடைச்சுது?"

சொல்லிவிட்டு, பாம்பு பிடிக்கக் கிளம்பிப் போனாள்.

நீதி: கணக்குக் கேட்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை, ஆனால் கேட்கிற வரிசையில் இரண்டாவதாக நிற்கவும்.